19100-ஆம் ஆண்டு

2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. அமெரிக்காவுக்குச் சரியான நேரம் கணித்துச் சொல்லும் பொறுப்புடையது அந்நாட்டுக் கடற்படையின் வானாராய்ச்சி நிலையம். அன்று அதன் இணையப் பக்கத்தில் ஆண்டு 19100 என்று காணப்பட்டது. ஒரே இரவில் பதினேழாயிரம் ஆண்டுகள் ஓடிவிட்டன!

கடிகாரத்தில் பிழையில்லை. பிழை வந்த வழியை அறிய, முப்பது ஆண்டு பின்னே போகவேண்டும்.

கம்ப்யூட்டருக்கு மாதமும் தெரியாது, கிழமையும் தெரியாது. எண்ண மட்டுமே தெரியும். பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 'யூனிக்ஸ்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதன் முதல் கைநூல் 1971 நவம்பரில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, விநாடியை அறுபது கூறாக்கி இயந்திரம் எண்ணி வந்தது. அந்த எண்ணை நாம் படிக்கும் தேதியாக மாற்றித் தர 'சிடைம்' என்றொரு சிறு நிரல் இருந்தது. இந்தக் கணக்கு இரண்டரை ஆண்டுகூடத் தாங்காது. அதை மறைக்காமல், 'குறைகள்' என்று தலைப்பிட்டுக் கைநூலிலேயே குறித்துவைத்தார்கள். தன் குறையைத் தானே சொல்லும் புத்தகங்கள் உலகில் எத்தனை இருக்கின்றன? பிறகு, 1970 தொடங்கி முழு விநாடிகளாக எண்ணும் வழக்கம் வந்தது.

ஸி மொழியின் நூலகமும் அதைப் பின்பற்றிய சில மொழிகளும் ஆண்டைத் தரும்போது 1900-ஐக் கழித்துவிட்டுத் தரும். 1999 என்றால் 99. 2000 என்றால் 100. கைநூலில் இது ஒரே வரிதான். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத வரி. நிரல் எழுதியவர்கள் பலர் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள். வருவது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று எண்ணி, முன்னால் '19' என்று ஒட்டினார்கள். 99 வரும்வரையில் எல்லாம் சரியாகவே தோன்றியது. 100 வந்தது, 19100 ஆயிற்று.

1989-இல் ஸி மொழிக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் ஏற்பட்டபோது, தேதியை வேண்டிய வடிவில் அமைத்துத் தரும் 'ஸ்டிரெஃப்டைம்' அதில் இடம்பெற்றது. சிறிய 'ஒய்' எழுதினால் இரண்டு இலக்கம்; பெரிய 'ஒய்' எழுதினால் முழு ஆண்டு. இதுவும் படித்தவருக்கே பயன்படும்.

நான் கதை எழுதுகிறவன். வாசகர் ஒரு வரியைத் தாண்டிப் போனால் கதையின் சுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். கைநூலில் ஒரு வரியைத் தாண்டினால் ஒரு நாட்டின் காலமே பிசகிவிடுகிறது.

இன்னொரு வரியும் காத்திருக்கிறது. 32 பிட் அளவில் விநாடிகளை எண்ணும் பழைய கணக்கு, 2038 ஜனவரி 19-ஆம் தேதி, கிரீன்விச் நேரம் 3 மணி 14 நிமிடம் 7 விநாடியோடு நிரம்பிவிடும். அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இம்முறையாவது படிப்போமா?