பூஞ்சை மருந்து அடிச்சும் புழு உடனே சாகலையா? உள்ளே நடக்கும் சண்டை இதுதான்

மல்லாட்டை விளையும் செஞ்சி, அனந்தபுரம் வட்டாரத்துக்கு புரொடீனியா புழு புதுசில்ல. இதுக்கு பவேரியா, மெட்டாரைசியம் போன்ற பூஞ்சைகளைத் தெளிச்சா, பலன் தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். ஏன்?

பூஞ்சை வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைச்சு, துளைத்து உள்ளே போகணும். அங்கே ரத்த அணுக்கள் அதைச் சூழ்ந்து அடைக்கும். அந்த இடம் மெலனினால் கறுத்துப்போகும். நம்மைப் போல ஆன்டிபாடி பூச்சிகளுக்குக் கிடையாது. பதிலுக்கு, 'டோல்' என்ற எச்சரிக்கை அமைப்பு பூஞ்சையைக் கொல்லும் புரதங்களைச் சுரக்க வைக்கும். பழ ஈயில் 1996-ல் இதைக் காட்டிய குழுவின் தலைவர் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மெட்டாரைசியமும் லேசுப்பட்டதல்ல. ரத்தத்தில் இறங்கியதும் தன்மேல் ஒரு புரதப் போர்வையைப் போர்த்தி அணுக்களை ஏமாத்தும். டெஸ்ட்ரக்சின் என்ற நச்சையும் விடும்.

வெயிலில் தெளிச்சா வித்து வீணாகும், சாயங்காலம்தான் சரி. பூஞ்சைக்கொல்லியோடு மட்டும் கலந்துடாதீங்க.