தெள்ளும் உண்ணியும்: செல்லப் பிராணி மருந்துகளின் கதை

முன்னுரை

நாய் வளர்க்கும் வீட்டில் உண்ணியைப் பற்றிப் பேசாத நாள் குறைவு. காது மடலின் உள்ளே, கால் விரல்களின் இடுக்கில், வயிறு முட்ட இரத்தம் குடித்துப் பட்டாணி போல உருண்டு கிடக்கும். பூனை வளர்ப்பவர்களுக்கோ தெள்ளுப்பூச்சித் தொல்லை. கண்ணில் படும், கையில் அகப்படாது. மருந்துக் கடைக்குப் போனால் பவுடர், ஷாம்பு, கழுத்துப்பட்டை, பிடரியில் விடும் சொட்டு மருந்து, மாத்திரை என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லா அட்டையிலும் "பாதுகாப்பானது" என்ற சொல் இருக்கிறது.

யாருக்குப் பாதுகாப்பானது? நாய்க்கா, பூனைக்கா, அதைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தைக்கா? இந்தக் கேள்விக்கு விடை தேட நூற்று முப்பது ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

எதிரியை அடையாளம் கண்ட காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை உண்ணி என்றால் வெறும் அரிப்பு, அருவருப்பு, அவ்வளவுதான். அது நோயைச் சுமந்து வரும் என்று சொன்னவர்களைப் படித்தவர்கள் நம்பவில்லை.

அமெரிக்காவில் அப்போது "டெக்சாஸ் காய்ச்சல்" என்ற நோய் மாடுகளைக் கொன்றுகொண்டிருந்தது. தெற்கிலிருந்து ஓட்டி வரப்பட்ட மாடுகள் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும். ஆனால் அவை மேய்ந்த நிலத்தில் பிறகு மேய்ந்த வடக்கு மாடுகள் செத்து விழும். தியோபால்ட் ஸ்மித், பிரெட் கில்போர்ன் என்ற இருவரும் 1889 முதல் இதை ஆராய்ந்தார்கள். தெற்கு மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, அவற்றை வடக்கு மாடுகளுடன் ஒரே வேலிக்குள் விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. உண்ணியோடு விட்ட வேலிக்குள் நோய் வந்தது. 1893-ல் முடிவு வெளியானது. நுண்ணுயிரி ஒன்றை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு உண்ணி கடத்துகிறது என்று முதன்முதலில் நிரூபித்த ஆய்வு இதுவே.

அடுத்தது தெள்ளின் முறை. 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக் கண்ட எலி ஒன்றை ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். ஒரு பூனையிடமிருந்து பிடித்த தெள்ளுகளையும் அதில் விட்டார். நோயுற்ற எலியைத் தொட முடியாதபடி, கம்பி வலைக் கூண்டில் இன்னொரு எலியை வைத்தார். சில நாட்களில் அந்த எலியும் பிளேக்கில் செத்தது. இதை உலகம் உடனே ஏற்கவில்லை. 1905 முதல் பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆய்வுக் குழுதான் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது.

இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. 1910-ல் டபிள்யூ. எஸ். பாட்டன், "மெட்ராஸ் ஹன்ட்" என்ற வெள்ளையர் வேட்டைக் குழுவின் நாய்களுடைய இரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டார். பிறகு நரியின் இரத்தத்திலும் அது இருப்பது தெரிந்தது. இன்று அதற்கு பபேசியா கிப்சோனி என்று பெயர். தமிழ்நாட்டு நாய்களை இன்றும் வாட்டும் உண்ணிக் காய்ச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

பாஷாணத் தொட்டிகள்

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆயுதம்? முதலில் கையில் எடுத்தது ஆர்சனிக், அதாவது பாஷாணம்.

1906-ல் அமெரிக்க அரசு மாட்டுண்ணி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆர்சனிக் கரைசல் நிரம்பிய நீளமான தொட்டிகளில் மாடுகளை இறக்கி, நீந்த வைத்துக் கரையேற்றினார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை இது கட்டாயம். ஏழை விவசாயிகள் எதிர்த்தார்கள். சில ஊர்களில் தொட்டிகளை வெடி வைத்தே தகர்த்தார்கள். ஆனாலும் திட்டம் வென்றது. 1943-ல், டெக்சாசின் மெக்சிகோ எல்லையோரம் தவிர மற்ற இடங்களில் அந்த உண்ணி ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

உண்ணி போயிற்று, பாஷாணம் போகவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட தொட்டிகள் இருந்தன. அவை இருந்த மண்ணில் ஆர்சனிக் பல பத்தாண்டுகள் கழித்தும் தங்கியிருந்தது. பயன் உடனே தெரியும், விலை பின்னால் தெரியும் என்பது இந்த வரலாறு கற்றுத் தந்த முதல் பாடம்.

பூப்பொடியிலிருந்து கழுத்துப்பட்டை வரை

வீட்டுப் பிராணிகளுக்குப் பாஷாணத்தை விடச் சாதுவான ஒன்று இருந்தது. சாமந்திக்கு உறவான பைரித்ரம் பூவைக் காயவைத்து அரைத்த பொடி அது. ஐரோப்பாவில் "பாரசீகப் பொடி" என்ற பெயரில் விற்றார்கள். தெள்ளு உடனே மயங்கி விழும். ஆனால் வெயில் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும்.

1939-ல் பால் முல்லர் டி.டி.டி-யின் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டுபிடித்தார். 1948-ல் நோபல் பரிசும் பெற்றார். போருக்குப் பின் நாய்களின் மேலும் டி.டி.டி தூவினார்கள். பூனைக்கு வேண்டாம் என்ற எச்சரிக்கை அப்போதே இருந்தது. காரணம் எளிது. பூனை தன் உடலை நாக்கால் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தோலில் பூசியது அனைத்தும் வயிற்றுக்குள் போகும். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி-யைத் தடை செய்தது.

அடுத்து 1960களில் தெள்ளுக் கழுத்துப்பட்டை வந்தது. டைக்குளோர்வாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுகள் பட்டையிலிருந்து மெல்ல மெல்லக் கசியும். மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் நாயின் கழுத்தைக் குழந்தையும் கட்டிக்கொள்ளும் அல்லவா? அந்தக் கணக்கைப் போட அதிகாரிகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. புரோபாக்சர் என்ற மருந்துள்ள பட்டைகளைக் கைவிட அமெரிக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டது 2014-ல்தான். குழந்தைகளுக்கு வரக்கூடிய ஆபத்தே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

மருந்தே வேண்டாம் என்று ஒதுங்கவும் வழியில்லை. வியட்நாம் போரில், 1968-க்கும் 1970-க்கும் இடையில், அமெரிக்கப் படையின் மோப்ப நாய்கள் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்து கூட்டமாக இறந்தன. பழுப்பு நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிதான் காரணம். அதே உண்ணி நம் ஊர்ச் சுவர் விரிசல்களிலும் குடியிருக்கிறது.

நாய்க்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

1973-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் பைரித்ரத்தைப் பின்பற்றி, வெயிலைத் தாங்கும் பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். நாய்களுக்கு நல்ல மருந்து. ஆனால் பூனையின் கல்லீரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. நாய்க்கான சொட்டு மருந்தைச் "சின்னதாகத்தானே விடுகிறோம்" என்று பூனைக்கு விட்டவர்கள், அது நடுங்கி வலிப்பு கண்டு சாவதைப் பார்த்தார்கள். அட்டையில் எழுதியிருந்தும் உலகம் முழுவதும் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

இயற்கை மருந்து என்றால் பயமில்லை என்பாரும் உண்டு. புதினா வகையான பென்னிராயலின் அறிவியல் பெயரிலேயே தெள்ளைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. அவ்வளவு பழைய தெள்ளு மருந்து அது. அதன் எண்ணெயைத் தடவியதால் கல்லீரல் கெட்டு நாய் இறந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகி இருக்கிறது.

புதிய தலைமுறை, புதிய கேள்விகள்

1990களில் ஒரு திருப்பம். தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் நாம் பார்ப்பது மிகச் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் பெரும்பகுதி பாயிலும் தரையிலும் கிடக்கிறது. இதைக் குறிவைத்து லுஃபெனுரான் மாத்திரை வந்தது. அது தெள்ளைக் கொல்லாது, முட்டை பொரிக்க விடாது. அதே பத்தாண்டில் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் என்ற சொட்டு மருந்துகளும் வந்தன. பாலூட்டிகளின் நரம்பை விடப் பூச்சிகளின் நரம்பையே இவை அதிகம் தாக்கும் என்பதால் பழைய நஞ்சுகளை விடப் பெரிய முன்னேற்றம். ஆனாலும் முயலுக்கு ஃபிப்ரோனில் உயிர் ஆபத்து.

சொட்டு மருந்துகள் பற்றிப் புகார்கள் பெருகவே, 2009-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தது. சிறிய நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டது தெரிந்தது. 2013-க்குப் பின் வந்த ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் உண்ணியை அருமையாகக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் சில பிராணிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று 2018-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெரும்பாலான பிராணிகளுக்கு அவை பாதுகாப்பானவை என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஆறுகளும் தப்பவில்லை. 2016 முதல் 2018 வரை இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் 98 சதவீதத்தில் ஃபிப்ரோனில் இருந்தது. குளிப்பாட்டிய நாயிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

முடிவுரை

இந்த வரலாற்றில் எந்த மருந்தும் எல்லோருக்கும் பாதுகாப்பானதாக இருந்ததில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உயிருக்கு, ஏதோ ஓர் அளவில் பாதுகாப்பாக இருந்தது. எனவே "எது நல்ல மருந்து" என்று கேட்பதை விட, "எந்தப் பிராணிக்கு, என்ன எடைக்கு, என்ன வயதுக்கு" என்று கேட்பதே சரி. வலிப்பு வந்த நாயா, குட்டியா, சினையா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். நாய் மருந்தைப் பூனைக்குத் தொடக்கூடாது. பெரிய நாயின் மருந்தைப் பாதியாக்கிச் சின்ன நாய்க்குக் கொடுக்கக் கூடாது. படுக்கையைத் துவைத்து, சுவர் விரிசலை அடைத்து, தினமும் சீப்பால் வாரினால் மருந்தின் வேலையில் பாதி குறையும்.

ஸ்மித்தும் கில்போர்னும் அன்று உண்ணிகளைக் கையால்தான் பொறுக்கினார்கள். பொறுமையாகப் பார்த்து எடுக்கும் அந்தக் கைக்கு இன்று வரை பக்கவிளைவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை!