மொகதிஷு: அமானிதம் காத்த துறைமுக நகரம்



ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குக் கரையில், இந்தியப் பெருங்கடலை நோக்கி அமைந்திருக்கும் சோமாலியா நாட்டின் தலைநகரம் மொகதிஷு. இப்பெயரைக் கேட்டவுடன் பஞ்சமும் குண்டுவெடிப்பும் அகதிகளுமே நம்மில் பலருடைய நினைவுக்கு வருகின்றன. அந்நகரின் முற்கால வரலாற்றை அறிந்தோர் சிலரே. அதனை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பழம்பெரும் பள்ளிவாசல்கள்

மொகதிஷுவின் பழைய பகுதிகள் இரண்டு. ஒன்று ஹமர் வைன், மற்றொன்று ஷங்கானி. ஹமர் வைனிலுள்ள ஜாமிஆ பள்ளிவாசலின் மினாராவில் ஹிஜ்ரி 636 (கி.பி. 1238) என்று பொறிக்கப்பட்டுள்ளது. ஃபக்ருத்தீன் பள்ளிவாசலும் அர்பஅ ருக்ன் பள்ளிவாசலும் ஹிஜ்ரி 667ஆம் ஆண்டைச் (கி.பி. 1269) சேர்ந்தவை. அறபு, பாரசீக நாடுகளிலிருந்து வந்த வணிகர்களும் அம்மண்ணின் மக்களும் ஒரே அணியில் நின்று தொழுத இடங்கள் இவை.

கி.பி. 1229இல் மறைந்த புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ (ரஹ்) அவர்கள் இந்நகரைக் குறித்து எழுதியுள்ளார்கள். அக்காலத்தில் இங்கு மன்னர் எவரும் இல்லை. ஊரின் மூத்தோரே கூடிக் காரியங்களை நடத்தி வந்தனர். தந்தமும் சந்தனமும் கருங்காலியும் அம்பரும் இங்கிருந்து ஏற்றுமதியாயின.

இப்னு பதூதா கண்ட காட்சி

பின்னாளில் நமது மதுரைக்கும் வருகை தந்த உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்கள், கி.பி. 1331இல் மொகதிஷுவில் கரையிறங்கினார்கள். அப்போது அங்கு அபூபக்ர் என்னும் சுல்தான் ஆட்சி செய்தார். அங்கு நெய்யப்பட்ட துணி எகிப்து வரை சென்றதையும் அவர்கள் குறித்துள்ளார்கள்.

கப்பல் ஒன்று வந்து நின்றதும் அவ்வூர் இளைஞர்கள் சிறு படகுகளில் ஏறி, மூடிய தட்டுகளில் உணவு ஏந்தி எதிர்கொண்டு செல்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு வணிகரிடம் அத்தட்டை நீட்டி, இவர் என் விருந்தினர் என்று அறிவிப்பார். அவ்வணிகர் அவரது இல்லத்திலேயே தங்குவார். அவருடைய சரக்கை விற்றுக் கொடுப்பதும் அவருக்கு வேண்டியதை வாங்கித் தருவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. வந்தவரை ஏமாற்றி எவரேனும் குறைந்த விலைக்கு வாங்கினாலோ, வீட்டுக்காரர் இல்லாதபோது அவரிடம் எதையேனும் விற்றாலோ, அந்த வியாபாரம் செல்லாது! இவ்வழக்கத்தின் சாயலை நூறாண்டுகளுக்கு முன்பே யாகூத் அவர்களும் குறித்துள்ளார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்னு பதூதா அவர்கள் வணிகரல்லர், மார்க்க அறிஞர் என்று தெரிந்ததும் ஊர்க் காஜியே தம் மாணவர்களுடன் கடற்கரைக்கு வந்து வரவேற்றார். சுல்தான் வெற்றிலையும் பாக்கும் அனுப்பிக் கண்ணியப்படுத்தினார். நெய்யில் சமைத்த சோறு, இறைச்சி, மீன், ஊறிய எலுமிச்சை, பச்சை இஞ்சி, மாங்காய் என்று விருந்து அமைந்தது. அவ்வூரார் இடுப்பில் வேட்டி போன்ற துணியையே உடுத்தினர். இவற்றைப் படிக்கும்போது, கடலுக்கு அப்பாலும் நம் வீட்டு விருந்தைப் போன்றதொரு விருந்து நடந்திருக்கிறதே என்று நாம் வியக்கின்றோம்.

வீழ்ச்சியும் படிப்பினையும்

கி.பி. 1499இல் வாஸ்கோடகாமா தம் நாடு திரும்பும் வழியில் இந்நகரின் மீது பீரங்கிகளால் சுட்டுச் சென்றார். ஆயினும் போர்ச்சுகீசியரால் இதனைக் கைப்பற்ற இயலவில்லை. பின்னர் சான்சிபார் சுல்தான்களின் ஆதிக்கமும் அதன்பின் இத்தாலியரின் ஆட்சியும் வந்தன. 1960 ஜூலை 1 அன்று விடுதலை பெற்ற சோமாலியாவுக்கு மொகதிஷு தலைநகரானது.

1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி வீழ்ந்தது. அவரை விரட்டியவர்களே பதவிக்காகத் தமக்குள் மோதிக்கொண்டார்கள். எதிரெதிரே நின்ற அலீ மஹ்தி, ஃபராஹ் அய்தீத் ஆகிய இருவரும் ஒரே இயக்கத்தினர். ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். அவர்களுடைய சண்டையில் நகரம் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளந்தது. 1995 முதல் 2006 வரை துறைமுகம் மூடிக் கிடந்தது. முகமறியாத வணிகரையும் தம் வீட்டில் வைத்துக் காத்த ஊரில், அடுத்த தெருக்காரர் இந்தத் தெருவுக்கு வர அஞ்சினார். 2017 அக்டோபர் 14 அன்று நடந்த ஒரே குண்டுவெடிப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்!

துறைமுகம் மீண்டும் இயங்குகின்றது, கட்டடங்களும் எழுகின்றன. ஆயினும் அந்நகரம் முழு அமைதியை இன்னும் அடையவில்லை.

அன்பர்களே! அந்நகரை உயர்த்தியவை அமானிதமும் மூத்தோரின் மஷூராவும் ஆகும். பீரங்கிக்கும் பணியாத அந்நகரை உட்பகை சாய்த்துவிட்டது. ஜமாஅத் சிறியதாயினும் பெரியதாயினும் இந்த நியதி ஒன்றே. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட வக்ஃபு சொத்தாயினும், நம் ஊருக்குப் பிழைக்க வந்த வெளியூர்க்காரரின் கூலியாயினும் அவை யாவும் அமானிதமே. கருத்து வேறுபாடு எழும்போது மஷூராவில் அமர்ந்து பேசித் தீர்ப்போமாக.

சோமாலிய மக்களுக்கு வல்ல அல்லாஹ் நிம்மதியை அருள்வானாக! நம் ஜமாஅத்தைப் பிளவிலிருந்து காத்து, அமானிதம் பேணும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.