கடல் கடந்த தொழிலும் வருமான வரியும்

நமது அயனம்பாக்கத்திலிருந்து ஒப்பந்த வேலையின்பொருட்டு அயல்நாடு செல்லும் வாலிபர்கள், "தொழில் அங்கிருக்க வரி இங்கேன்?" என நம்மை வினவுகின்றனர். இவ்வினா புதிதன்று.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய தேசங்களில் குடும்ப விலாசத்தில் கடை வைத்து, ஏஜெண்டுகளை அனுப்பி நடத்தி வந்தனர். 1922-ம் வருஷத்துச் சட்டப்படி, அங்கு ஈட்டிய லாபத்தில் இங்கு கொண்டுவந்ததற்கே வரி. 1939-ல் சட்டம் திருத்தப்பட்டது. இந்நாட்டு வாசிகளுக்கு, கொண்டுவராத லாபத்திலும் 4,500 ரூபாய் போக எஞ்சியதற்கு வரி ஏற்பட்டது. கூட்டுக் குடும்பமோவெனில், அதன் நிர்வாகம் முழுதும் அயல்நாட்டிலிருந்தாலன்றி இந்நாட்டு வாசியே என்பது விதி.

கொழும்பில் வசித்த ஒரு குடும்பத் தலைவர், ஒரே வருஷத்தில் 101 நாள் இங்கு தங்கினார். நிர்வாகம் கொழும்பிலேயே நடந்ததென்றார். கடிதப் போக்குவரத்தைக் காட்டுமாறு அதிகாரிகள் கேட்க, அவர் காட்டினாரல்லர். 1950 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. உண்மை எதுவாயினும், ருசுப்படுத்தும் பாரம் அவருடையதே.

கூட்டுக் குடும்பத்துக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் அவ்விதி இன்றும் நிற்கிறது. பெயர்ப்பலகை அயல்நாட்டிலும், தகப்பனார் உத்தரவு அயனம்பாக்கத்துத் திண்ணையிலுமாயின், வரியும் திண்ணைக்கே வந்துசேரும். ஆதலின் தொழில் தொடங்குமுன், உத்தரவிடுபவர் யார், எங்கிருந்து என்பதை நிச்சயித்து, அதற்குரிய கடிதங்களையும் பத்திரப்படுத்துமாறு நம்மவரை வேண்டுகிறோம்.