கிடங்கு ரோபோக்கள்

சரக்குக் கிடங்குகளில் பொருளை எடுத்தல், நகர்த்துதல், வகைபிரித்தல் ஆகிய வேலைகளைக் கணினிக் கட்டுப்பாட்டில் செய்யும் இயந்திரங்கள் கிடங்கு ரோபோக்கள் எனப்படும். இயந்திரத்தின் அறிவு வளர வளரக் கிடங்கும் மாறியது என்றே இவற்றின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. இயந்திரம் குறைந்த அறிவோடே சமாளிக்கும்படி கிடங்கை மாற்றிக் கட்டியபோதுதான் பெரிய பாய்ச்சல்கள் நிகழ்ந்தன. 1950-களில் அமெரிக்காவின் பாரெட் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஆளில்லா இழுவை வண்டி, மின்கம்பியின் சமிக்ஞையைப் பின்பற்றி மட்டுமே ஓடியது. ஆனாலும் அது உண்மையான சரக்கை இழுத்தது. 1966-க்கும் 1972-க்கும் இடையில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் ஆய்வுக் கழகத்தில் உருவான ஷேக்கி என்னும் ரோபோவோ, சூழலைப் பார்த்துத் தானே திட்டமிட்டு நகர்ந்தது. ஆனால் ஆய்வகத்தைத் தாண்டவில்லை.

கிடங்கை மாற்றியதே பாய்ச்சலைத் தந்தது என்பதற்கு மிகத் தெளிவான சான்று கிவா என்னும் ரோபோ நிறுவனம். இணையவழி மளிகை நிறுவனமான வெப்வான் 2001-இல் திவாலானது. அங்கே பணியாற்றிய மிக் மவுண்ட்ஸ் 2003-இல் கிவாவைத் தொடங்கினார். பீட்டர் வர்மன், ரஃபயெல்லோ டி ஆண்ட்ரியா இருவரும் அவரோடு சேர்ந்து அதை உருவாக்கினர். கிடங்குத் தொழிலாளியின் நேரத்தில் பெரும்பகுதி அலமாரிகளுக்கு இடையே நடப்பதிலேயே போகிறது. எனவே அலமாரியை ஆளிடம் கொண்டுவந்தார்கள். தாழ்வான ரோபோ அலமாரிக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கி வரும்; தரையில் ஒட்டிய குறியீடுகளைப் படித்துத் தான் இருக்கும் இடத்தை அறியும். ஆட்கள் அந்தத் தளத்துக்குள் வரக்கூடாது என்பதால், மனிதரை அடையாளம் காணும் திறனே அதற்குத் தேவைப்படவில்லை. 2012-இல் அமேசான் 77.5 கோடி டாலருக்குக் கிவாவை வாங்கியது.

அப்படியானால் செயற்கை நுண்ணறிவுக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, பெரிய பங்கே உண்டு. எந்த அலமாரியை எந்த ரோபோ எவ்வழியே கொண்டுவர வேண்டும் என்பதைக் கணிப்பது கடினமான கணக்கு. ஷேக்கி ஆய்வில் 1968-இல் பிறந்த ஏ-ஸ்டார் என்னும் வழிதேடும் முறை இத்துறைக்கு அடிப்படையானது. பொருளை ரோபோ தன் கையால் எடுப்பதோ இன்னும் கடினம். 2015-இல் சியாட்டிலில் அமேசான் நடத்திய போட்டியில் வென்ற பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணியின் ரோபோ, 20 நிமிடத்தில் 12 பொருள்களில் 10-ஐ எடுத்தது. ஆழ்கற்றல் முறைகள் வந்தபின் இந்த வேகம் கூடியிருக்கிறது. ஆனால் இந்த வெற்றியும் பழைய வழியைத்தான் தழுவுகிறது: உறிஞ்சுகுழல், ஒளி சீரான நிலையம், தட்டில் வந்து நிற்கும் பொருள் என வேலை முதலில் எளிதாக்கப்படுகிறது.

எளிதானது இயந்திரத்தின் வேலை. மனிதரின் வேலை எளிதாகிவிடவில்லை. நடை குறைந்ததால் உடலுழைப்பும் குறைந்தது என்பார்கள். ஆனால் அலமாரிகள் ஓயாமல் வந்து நிற்கும்போது, ஒரே இடத்தில் நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கிறது. ரோபோக்கள் உள்ள அமேசான் கிடங்குகளில் கடுங்காய விகிதம் கூடுதல் என்று 2020-இல் அமெரிக்காவின் ரிவீல் செய்தித்தளம், நிறுவனத்தின் உள்பதிவேடுகளைக் காட்டி எழுதியது. அமேசான் அதை மறுத்தது. 2025-இல் தன் ரோபோக்கள் 10 லட்சத்தை எட்டியதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொரு கிடங்கின் காயக் கணக்கும் அதே வெளிச்சத்தில் வெளியிடப்பட வேண்டும்.