சொல் பழையது, பொருள் புதியது: அந்தணர், அரசர், இல்லறத்தாரோடு புத்தரின் உரையாடல்கள்

பாலி நிகாயங்களில் துறவிகளை நோக்கிய உரைகளே மிகுதி. எனினும் அந்தணர், அரசர், இல்லறத்தார் ஆகியோரிடம் புத்தர் உரையாடும் சூத்திரங்களும் கணிசமாக உள்ளன. நெடுங்காலம் வாய்மொழியாகப் பேணப்பட்ட இவை, இலங்கை மரபின்படி கி.மு. 1ஆம் நூற்றாண்டில்தான் எழுத்து வடிவம் பெற்றன. ஆகவே இவற்றை நேரடிப் பதிவுகளாகக் கொள்ள இயலாது. ஆனால், தொடக்ககாலச் சங்கம் தன்னைச் சூழ்ந்த சமூகத்தோடு எம்மொழியில் பேச விரும்பியது என்பதற்கு இவை வலுவான சான்றுகள். அம்மொழியின் தலையாய இயல்பு ஒன்றுண்டு: அது கேட்போரின் சொல்லை மறுப்பதில்லை, சொல்லை நிறுத்திக்கொண்டு பொருளை மாற்றுகிறது.

தீக நிகாயத்தின் கூடதந்த சூத்திரம் இதற்குத் தெளிவான சான்று. மகதத்தில் பிம்பிசாரன் தானமாக அளித்த காணுமதம் என்னும் ஊரில் வாழ்ந்த அந்தணர் கூடதந்தர். காளை, எருது, கிடாரி, வெள்ளாடு, செம்மறிக்கிடாய் என ஒவ்வொன்றிலும் 700 விலங்குகளை வேள்வித்தூணருகே நிறுத்திவிட்டு, வேள்வி முறைகளைப் பற்றிப் புத்தரிடம் வினவுகிறார். விடையாக ஒரு பழங்கதை சொல்லப்படுகிறது. கொள்ளையால் அல்லலுறும் நாட்டில் வேள்வி செய்ய விரும்பும் அரசனைப் புரோகிதன் தடுக்கிறான். கொலையாலும் சிறையாலும் கொள்ளை ஒழியாது. உழவருக்கு விதையும் தீவனமும், வணிகருக்கு முதலும், அரசப் பணியாளருக்கு உணவும் ஊதியமும் வழங்கினால்தான் நாடு அமைதியுறும் என்கிறான். அதன் பின்னரே வேள்வி நடக்கிறது. அதில் விலங்கு கொல்லப்படவில்லை, மரம் வெட்டப்படவில்லை, அடிமைகள் அச்சத்தால் அழுதுகொண்டே வேலை செய்யவில்லை. தானம், சரணடைதல், ஒழுக்கம், தியானம் என்று ‘மேலான வேள்விகள்’ படிப்படியாக விரிகின்றன. முடிவில் கூடதந்தர் விலங்குகளை விடுவிக்கிறார். வேள்வி என்ற சொல் மட்டும் எஞ்சுகிறது.

இம்மாற்றம் ஒலியளவிலும் நிகழ்வதை அங்குத்தர நிகாயத்தின் உக்கதசரீரர் உரையாடல் காட்டுகிறது. வைதிக மரபின் முத்தீ ஆகவனீயம், காருகபத்தியம், தட்சிணாக்கினி ஆகியன. பாலியில் இவை ஆஹுனேய்ய, கஹபதி, தக்கிணேய்ய என்னும் மூன்று தீக்களாகின்றன. ஆஹுனேய்ய என்பது ‘படையலுக்கு உரிய’ என்று பொருள்பட்டுப் பெற்றோரைக் குறிக்கிறது. கஹபதித் தீ மனைவி, மக்கள், ஏவலர் ஆகியோரைக் குறிக்கிறது. தென்திசைத் தீ, ‘தட்சிணைக்கு உரிய’ துறவியரைக் குறிப்பதாகிறது. விறகில் எரியும் தீயோ, வேண்டும்போது மூட்டி வேண்டாதபோது அணைக்க வேண்டிய வெறும் நெருப்பு.

இல்லறத்தாருக்கான சிகாலோவாத சூத்திரத்திலும் இதே முறையைக் காணலாம். தந்தையின் இறுதிச் சொல்லுக்கு இணங்க, ஈர ஆடையுடன் ஆறு திசைகளை வணங்குகிறான் இராசகிருகத்து இளைஞன் சிகாலன். புத்தர் அவ்வணக்கத்தைப் பழிப்பதில்லை. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை அடிமைகளும் வேலையாட்களும், மேல்திசை துறவியரும் அந்தணரும் என்கிறார். பாலியில் ‘புப்ப’ என்பதற்குக் கிழக்கு, முந்தியது என இரு பொருளும் உண்டு, பெற்றோர் முந்தியவர். ‘தக்கிண’ தெற்கையும் தட்சிணையையும் ஒருங்கே நினைவூட்டும். ஆசிரியர் தட்சிணைக்கு உரியவர். தமிழில் கிழக்கு ‘கீழ்’ என்பதிலிருந்தும், மேற்கு ‘மேல்’ என்பதிலிருந்தும் பிறந்தவை. ஆகவே மொழிபெயர்ப்பில் இவ்விணைப்பு மறைந்து, பட்டியல் மட்டுமே மிஞ்சுகிறது. கீழ்த்திசையில் இருப்போர் கீழேயே இருக்கின்றனர் என்பதும் கவனத்திற்குரியது. எனினும் வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயில் பராமரிப்பு, உரிய காலத்தில் ஓய்வு ஆகியவை தலைவனின் கடமைகளாகின்றன.

அரசனிடம் உரையாடல் இன்னும் கூர்மை பெறுகிறது. சாமஞ்ஞபல சூத்திரத்தில், தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறிய அஜாதசத்துரு ஒரு முழுநிலவு இரவில் புத்தரிடம் வருகிறான். யானைப்பாகர், சமையற்காரர், நாவிதர், நெசவாளர், குயவர், கணக்கர் ஆகியோர் தத்தம் தொழிலின் பலனை இம்மையிலேயே காண்கின்றனர். துறவுக்கு அத்தகைய பலன் உண்டா என்று கேட்கிறான். புத்தர் ஓர் எதிர்வினா எழுப்புகிறார்: அரசனின் அடிமை ஒருவன் துறவியானால், மீண்டும் அடிமையாக வா என்று அவனை அழைப்பாயா? இல்லை, எழுந்து வணங்குவேன் என்கிறான் அரசன். அடுத்த எடுத்துக்காட்டு வரி செலுத்தும் உழவன். துறவின் முதற்பலன் வீடுபேறு பற்றியதாக அமையவில்லை. அடிமைத்தளையும் வரிச்சுமையும் நீங்கி மதிப்புப் பெறுவதே அது.

இங்கே வினய பிடகத்தின் மகாவக்கத்தை அருகில் வைத்துப் படிக்க வேண்டும். சங்கத்தில் சேர வருவோரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் சில: நீ சுதந்திர மனிதனா? கடன் அற்றவனா? அரசப் படைவீரன் அல்லவே? பெற்றோரின் இசைவு உண்டா? அடிமைக்குத் துறவு வழங்கக் கூடாது என்பது வெளிப்படையான விதி. படைவீரருக்கான தடை, எல்லைப்புறப் போருக்கு அனுப்பப்பட்டோர் துறவு பூண்டதை எதிர்த்துப் பிம்பிசாரன் விடுத்த வேண்டுகோளால் வந்தது என்று அந்நூலே கூறுகிறது. சூத்திரத்தில் எந்த அடிமையை அரசன் எழுந்து வணங்குகிறானோ, அந்த அடிமைக்குச் சங்கத்தின் வாயில் திறக்கவில்லை.

இதனை வெறும் முரண்பாடு என்று ஒதுக்கிவிட இயலாது. அரசனின் பாதுகாப்பையும் இல்லறத்தாரின் பிச்சையையும் நம்பி வாழ்ந்த அமைப்பு அது. வேள்வி, தீ, திசை, பலன் ஆகிய சொற்களின் பொருளை மாற்ற அதனால் முடிந்தது. அடிமைமீது தலைவனுக்கும் படைவீரன்மீது அரசனுக்கும் இருந்த உரிமையை மாற்ற முடியவில்லை. சூத்திரங்களை மட்டும் படிப்போர்க்குப் புத்தர் சமூகப் புரட்சியாளராகத் தோன்றுவார். வினயத்தை மட்டும் படிப்போர்க்குச் சங்கம் அதிகாரத்துடன் ஒத்துப்போன அமைப்பாகத் தெரியும். இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கும்போதுதான், சொல்லில் நிகழ்ந்த மாற்றம் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பது வரலாறாகத் துலங்கும்.