மீண்டார் என்று எந்த எண் சொல்லும்? நாட்பட்ட சோர்வு நோயும் அதன் சிகிச்சைகளை அளந்த விதமும்

65, 60. இந்த இரண்டு எண்களைச் சுற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ உலகில் பத்தாண்டு காலம் சண்டை நடந்தது. நாட்பட்ட சோர்வு நோய்க்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட ‘பேஸ்’ என்ற சோதனையில் சேர விரும்புகிறவர், நடப்பது, படியேறுவது, குளிப்பது போன்ற அன்றாட இயக்கங்களைப் பற்றிய ஒரு வினாத்தாளில் நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழே எடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அவர் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு நோயாளி. அதே வினாத்தாளில் 60 எடுத்தவரோ, ‘மீண்டவர்’ என்பதற்கான உடலியக்க நிபந்தனையைத் தாண்டியவர். 65 எடுத்து உள்ளே போய், ஓராண்டு சிகிச்சைக்குப் பின் 60 எடுத்து வெளியே வந்தவர், அந்த ஒரு நிபந்தனையைப் பொறுத்தவரை, உடல் நலிந்தபடியே குணமாகியிருப்பார்.

இதை ஒரு கணக்குப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த நோய்க்குச் சிகிச்சை தேடிய வரலாற்றில் நோயாளிகளை அதிகம் அலைக்கழித்தது மருந்து இல்லாமை மட்டுமல்ல. ‘தேறிவிட்டார்’ என்ற தீர்ப்பை எதைக் கொண்டு சொல்வது என்பதில் காட்டிய தளர்ச்சியும்தான். ஊசிமருந்துக்கு ஒரு தராசு, உடற்பயிற்சிக்கு இன்னொரு தராசு என்று மருத்துவம் வைத்துக்கொண்டது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் படுக்கையில் கிடந்தவர்கள்.

முதலில் நோயின் பெயர். ‘மயால்ஜிக் என்கெஃபலோமயலைட்டிஸ்’ என்பது பழைய பெயர், சுருக்கமாக எம்.இ. ‘நாட்பட்ட சோர்வு நோய்க்குறி’ பிந்தையது. தமிழில் அசதி, களைப்பு, ஓய்ச்சல் என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு: ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். இந்த நோய் அந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்கிறது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத உடம்பு. நேற்றுப் படித்த பத்தி இன்று நினைவில் நிற்காத மூளை. எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும் நிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, உழைப்புக்குப் பின் வரும் சரிவு. கடைக்குப் போய் வந்தவர் அன்று மாலை சமாளித்துவிடுவார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எழ முடியாமல் போகும். அந்தச் சரிவு சில நாட்களிலும் நீங்கலாம், சில மாதங்களும் நீடிக்கலாம். அமெரிக்காவின் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ 2015-இல் வெளியிட்ட அறிக்கை இந்தச் சரிவைத்தான் நோயின் அடையாளக் குறியாக வைத்தது. அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும், அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இன்னதென்றே கண்டறியப்படவில்லை என்றும் அது மதிப்பிட்டது.

கோவாவில் பெண்களிடையே நடத்தி 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த சோர்வை ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவரிடம் கண்டது. கடன், பசி, கணவனின் வன்முறை, மனத்துயர் ஆகியவற்றோடு அந்தச் சோர்வு பின்னிக் கிடந்தது. அது உண்மையான துன்பம்தான். ஆனால் அது வேறு பொருள். சோர்வு என்ற அறிகுறியையும் எம்.இ. என்ற நோயையும் ஒரே கூடையில் போட்டதால்தான் பின்னால் வந்த குழப்பங்களில் பாதி.

குழப்பத்துக்கு வயதும் உண்டு. 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர், பணியாளர் என 292 பேர் அடுத்தடுத்து நோயுற்றார்கள். மருத்துவமனையை அக்டோபர் வரை மூட வேண்டியிருந்தது. அங்கே தொற்றுநோய்த் துறையில் இருந்த மெல்வின் ராம்சே, அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் மீளாமல் கிடந்ததைப் பதிவு செய்தார். 1970-இல் மெக்ஈவ்டி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் அந்தப் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் படித்தார்கள். நோயாளி ஒருவரையும் நேரில் சோதிக்கவில்லை. இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் மிகுந்திருந்ததும் அவர்களுடைய சான்றுகளில் ஒன்று! செவிலியர் நிறைந்த ஒரு கட்டடத்தில் பெண்கள் மிகுந்திருப்பதில் என்ன வியப்பு என்று எந்தப் பதிப்பாசிரியரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1984-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கரை ஊரான இன்க்லைன் வில்லேஜில் இதே போன்ற ஒரு பரவல். அதை ஆராயப் போனவர்கள் 1988-இல் வைத்த பெயரில்தான் ‘சோர்வு’ தலைப்புக்கு வந்தது. பெயர் சோர்வு என்றானதும் சிகிச்சையும் பெயருக்கு ஏற்பவே அமைந்தது. நோயாளி சோர்வுக்கு அஞ்சிப் படுக்கிறார். படுத்ததால் தசை தளர்கிறது. தளர்ந்ததால் இன்னும் சோர்கிறார். எனவே அச்சத்தைப் பேச்சால் நீக்க அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, தளர்ச்சியைப் படிப்படியாக நீக்க உடற்பயிற்சிச் சிகிச்சை. 2007-இல், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு இரண்டையும் பரிந்துரைத்தது.

இதை உறுதிசெய்ய வந்ததுதான் பேஸ். 641 நோயாளிகள், நான்கு பிரிவுகள், ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு பொதுப்பணம். நிதி கொடுத்தவற்றுள் ஊனமுற்றோர் உதவித்தொகையைக் கவனிக்கும் அரசுத் துறையும் ஒன்று. 2011-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. பேச்சுச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் மிதமான பலன் தருகின்றன என்றது. 2013-இல் அடுத்த கட்டுரை, இவ்விரு சிகிச்சைகளையும் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் மீண்டுவிட்டார்கள் என்று அறிவித்தது.

ஆனால் சோதனை தொடங்குமுன் எழுதிய திட்டத்தில் உடலியக்க நிபந்தனை 85 ஆக இருந்தது. அது 60 ஆனது பின்னால். ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: பொதுமக்களிலேயே பலர் 85-ஐ எட்டுவதில்லை, ஆகவே அது மிகக் கடுமையான நிபந்தனை, தரவுகளைப் பகுத்துப் பார்ப்பதற்கு முன்பே அதை மாற்றினோம் என்றார்கள். விளக்கம் நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்த 60, முதியவர்களையும் வேறு நோயாளிகளையும் உள்ளடக்கிய மக்கள்தொகையின் சராசரியிலிருந்து எடுத்தது. பெரும்பாலோர் உச்சத்திலும் நோயுற்றோர் அடியிலும் நிற்கும் ஒரு பரம்பலில், சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைக் கழித்து எல்லை போட்டால் எல்லை கீழே இழுபடத்தானே செய்யும்? சேரும்போதே அந்த எல்லையைத் தாண்டியிருந்தவர்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு என்பது பின்னர் வெளிவந்தது.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதை எண்ணும் கருவியை ஆய்வாளர்கள் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கட்டினார்கள். முடிவில் கட்டவில்லை. ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார்கள். உடற்பயிற்சி பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் சராசரியாக 379 மீட்டர். வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் 348 மீட்டர். வித்தியாசம் 31 மீட்டர்தான். பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. நெதர்லாந்தில் நைமேகன் ஆய்வாளர்கள் பேச்சுச் சிகிச்சை பற்றிய மூன்று சோதனைகளில் கருவி பதிந்த அசைவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து 2010-இல் எழுதியதும் இதைத்தான்: வினாத்தாளில் சோர்வு குறைந்தது, நடமாட்டம் கூடவில்லை. ‘நீங்கள் தேறி வருகிறீர்கள்’ என்று ஓராண்டு சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘தேறினீர்களா?’ என்று கேட்டால் வரும் பதில் சிகிச்சையை அளக்கிறதா, பாடத்தை அளக்கிறதா?

தரவுகளைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு நோயாளி. அவற்றை வைத்திருந்த லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போய், 2016 ஆகஸ்டில் தரவுகளைக் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. பழைய திட்டத்தின்படியே மீண்டும் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டபோது, மீண்டவர்கள் பேச்சுச் சிகிச்சையில் 7 விழுக்காடு, உடற்பயிற்சியில் 4, வழக்கமான கவனிப்பில் 3. அந்த வேறுபாடுகள் தற்செயலுக்கு மேல் எதையும் காட்டவில்லை.

இப்போது இன்னொரு தராசுக்கு வருவோம். நார்வேயின் பெர்கன் நகரில் ஹௌக்லாந்து பல்கலைக்கழக மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர்கள் ஓய்ஸ்டைன் ஃப்ளூகே, உலாவ் மெல்லா இருவரும் தற்செயலாக ஒன்றைக் கவனித்தார்கள். நிணநீர்ப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற எம்.இ. நோயாளியின் எம்.இ. தொல்லையும் சேர்ந்து குறைந்திருந்தது. அதனால் நிணநீர்ப் புற்றுக்குத் தரும் ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை 30 எம்.இ. நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2011-இல் வந்த முடிவு: மருந்து பெற்ற 15 பேரில் 10 பேருக்குப் பலன், பெறாத 15 பேரில் இருவருக்கு. உலகெங்கும் நோயாளிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு 151 பேரிடம் பெரிய சோதனை. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத நீர்மம் என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. 2019-இல் முடிவு: மருந்து பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்குப் பலன், மருந்தே இல்லாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கு! வெண்ணெய் திரண்ட நேரத்தில் தாழி உடைந்தது. உடைந்ததை ஃப்ளூகேயும் மெல்லாவும் தங்கள் பெயரிலேயே அறிவித்தார்கள்.

அந்த 35 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டுப் பேஸ் முடிவைப் படிக்க முடியாது. வெறும் நீர்மம் ஏறியவர்களில் மூன்றில் ஒருவர், தாம் பெற்றது எதுவென்று அறியாமலே, தேறியதாகச் சொல்கிறார். அப்படியென்றால் தாம் பெறும் சிகிச்சை எது என்று முழுதும் அறிந்து, அது நல்லது என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களின் வினாத்தாளை எவ்வளவு நம்புவது? உடற்பயிற்சியைக் கண்ணைக் கட்டிக் கொடுக்க முடியாதுதான். முடியாத இடத்தில் செய்ய வேண்டியது, சொல்லை விட்டு அடிகளை எண்ணுவது. செய்யாமல் விட்டதுதான் பிழை. இந்தக் கண்டிப்பு மருந்துச் சிகிச்சையிலும் ஆய்வுக்கூடத்திலும் இருந்தது. 2009-இல் ‘சயின்ஸ்’ இதழ், 101 நோயாளிகளில் 68 பேரிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாக வெளியிட்டது. மற்ற ஆய்வுக்கூடங்கள் தேடிக் கிடைக்காமல், மாதிரிகளில் கலந்த மாசு என்று தெரிந்து, 2011 டிசம்பரில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இரண்டே ஆண்டுகள். உடற்பயிற்சிப் பரிந்துரை விலக, 2007-இலிருந்து பதினான்கு ஆண்டுகள் ஆயின.

2021 ஆகஸ்டில் வெளிவர இருந்த நைஸ் அமைப்பின் புதிய வழிகாட்டுதல், சில மருத்துவ அமைப்புகளின் எதிர்ப்பால் கடைசி நேரத்தில் நின்று, அக்டோபரில் வெளியானது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைக் கொடுக்க வேண்டாம். பேச்சுச் சிகிச்சை துணைக்கு மட்டும், குணப்படுத்த அல்ல. நோய் மூன்று மாதத்திலேயே உறுதிசெய்யப்படலாம் என்றது. அதே அக்டோபரில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பகுதியில் கடும் எம்.இ.-யால் உண்ண இயலாமல் 27 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். 2024-இல் நடந்த மரண விசாரணையின் முடிவில், இத்தகைய நோயாளிகளுக்கென மருத்துவமனைகளில் தனி ஏற்பாடே இல்லை என்று விசாரணை அதிகாரி அரசுக்கு எழுதினார். இவரைப் போன்றவர்கள் பேஸ் போன்ற சோதனைகளுக்குள் வந்ததே இல்லை. மருத்துவமனைக்கு வந்து போகிறவர்களைத்தான் சேர்க்க முடியும்.

சரி, நோயாளி இன்று என்ன செய்வது? பலரும் பற்றிக்கொண்டிருப்பது ‘பேசிங்’, அதாவது சக்தியைச் சம்பளக்காரர் மாதக் கடைசியில் பணத்தை எடுப்பதுபோல் எண்ணி எடுப்பது. சிகாகோ டிபால் பல்கலைக்கழகத்தின் லெனர்டு ஜேசன் இதைச் சக்தி உறை என்று விளக்கினார்: இருப்புக்குள் செலவழித்தால் சரிவு குறையும். உட்கார்ந்து குளிப்பது, சமையலை இரண்டாகப் பிரிப்பது, நாடித்துடிப்பு குறிப்பிட்ட எல்லையைத் தொட்டதும் நிறுத்துவது என்று இது நடைமுறையாகிறது. ஆனால் தராசு ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் இதையும் அதிலேதான் வைக்க வேண்டும். பேஸ் சோதனையில் பேசிங்குக்கும் ஒரு பிரிவு இருந்தது. அது வழக்கமான கவனிப்பை மிஞ்சவில்லை. தாங்கள் செய்வது அதுவல்ல என்று நோயாளிகள் சொல்வதில் நியாயம் இருந்தாலும், பேசிங் நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்குச் சான்று இல்லை. அது நிற்பது வேறொரு காலில்: வரம்பை மீறினால் தீங்கு என்ற உடலியல் சான்று. 2024-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், கோவிட்டுக்குப் பின் இதே சரிவுக்கு ஆளான 25 பேரையும் நலமான 21 பேரையும் மிதிவண்டிக் கருவியில் உழைக்கவைத்து, உழைப்புக்கு முன்னும் பின்னும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் உழைப்புக்குப் பின் திசுச் சேதம் கூடியிருந்தது.

நிற்கும்போது வரும் கிறுகிறுப்பு, மருத்துவர் கைவைக்கக்கூடிய இன்னொரு இடம். நெதர்லாந்தில் 429 நோயாளிகளைச் சாய்மேசையில் நிமிர்த்திப் பார்த்தபோது மூளைக்குப் போகும் இரத்தம் சராசரியாக 26 விழுக்காடு குறைந்தது; நலமானவர்களுக்கு 7 விழுக்காடுதான். நாடியும் இரத்த அழுத்தமும் இயல்பாகக் காட்டியவர்களிடமும் இந்தக் குறைவு இருந்தது. உப்பு, நீர், இறுக்கமான காலுறை, தேவைப்பட்டால் மருந்து என்று சமாளிக்க வழி உண்டு. எல்லா மருந்தும் அல்ல: ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 2001-இல் நடந்த நேர்மையான சோதனையில் இந்த நோயாளிகளிடம் தோற்றது.

பெர்கன் மருத்துவர்கள் ஓய்ந்துவிடவில்லை. டாராடுமுமாப் என்ற வேறொரு மருந்தைப் பத்துப் பெண்களிடம் சோதித்து 2025-இல் எழுதினார்கள். ஆறு பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். இம்முறை வினாத்தாளோடு நிற்கவில்லை. கையில் கட்டிய கருவி ஒவ்வொரு நாளும் அவர்களுடைய அடிகளை எண்ணியது. ஆனாலும் கட்டுரையில் குணம் என்ற பேச்சு இல்லை. எல்லோருக்கும் மருந்து கொடுத்த சோதனை இது என்பதைச் சொல்லிவிட்டு, மருந்து யாருக்கு என்று யாருக்கும் தெரியாத அடுத்த சோதனைக்கு அவர்கள் நோயாளிகளைச் சேர்க்கப் போனார்கள்.